செவுளில் பேன், குடலில் புழு: கடல்மீன்களின் ஒட்டுண்ணிகள்

கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக் குடலை வெளியே எடுக்கும்போது, ஈரலின் மேலோ குடலைச் சுற்றிய சவ்விலோ வெள்ளை நூல்சுருள் ஒன்று ஒட்டியிருப்பதைச் சில சமயம் பார்க்கலாம். பழைய கைக்கடிகாரத்தின் உள்ளே இருக்கும் சுருள்வில்லைப் போலத் தட்டையாகச் சுருண்டு, 4 அல்லது 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும். ஊசிமுனையால் பிரித்தால் 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். மீன் ஐஸில் கிடந்து ஓரிரு நாள் ஆகியிருந்தாலும் அந்த நூல் மெல்ல நெளியும். அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவின் இளம்பருவம் இது. மீன் கெட்டுப்போனதால் வந்த புழுவும் இல்லை, ஈ மொய்த்ததால் வந்ததும் இல்லை. மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்குள் குடியேறியது.

கடலில் ஒட்டுண்ணி இல்லாத மீன் என்று ஒன்றைத் தேடிப்பிடிப்பது கடினம். தோலில், செவுளில், கண்ணில், குடலில், தசையில், ரத்தக்குழாயில் என்று உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனிக் குடித்தனக்காரர்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மீனைத் தின்னும் மனிதருக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவை. கெடுதல் செய்பவை சிலவே. ஆனால் மீன் திறந்த கடலில் வளர்ந்ததா, கூண்டில் வளர்ந்ததா என்பதைப் பொறுத்து இந்தக் குடித்தனக்காரர்களின் பட்டியல் தலைகீழாக மாறிவிடுகிறது. அந்த மாற்றம் ஏன் என்று விளங்கிக்கொள்ள, முதலில் அனிசாகிஸ் புழுவின் பயணத்தைத் தொடர்வது நல்லது.

வளர்ந்த அனிசாகிஸ் வாழ்வது திமிங்கிலம், டால்பின் ஆகியவற்றின் இரைப்பையில். அங்கே இடும் முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளம்புழுவைக் கிரில் போன்ற சிறு ஓட்டுயிரிகள் விழுங்குகின்றன. கிரிலை மீனும் கணவாயும் தின்கின்றன. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புழு சாவதில்லை. புதிய உடம்பின் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு போய், ஈரலருகிலோ தசையிலோ சுருண்டு படுத்துக் காத்திருக்கிறது. மீனுக்குள் அது முதிர்ச்சி அடைவதில்லை, முட்டையும் இடுவதில்லை. மீன் அதற்கு ஒரு பேருந்து, அவ்வளவுதான். இறங்குமிடம் வெதுவெதுப்பான ரத்தம் ஓடும் ஒரு கடல்பாலூட்டியின் வயிறு. பேருந்து அங்கே போய்ச்சேரும்வரை இறங்கவும் வழியில்லை என்பதால், வயதான பெரிய மீனில் புழுக்கள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரே இனத்தில் குட்டிமீனில் ஒன்றிரண்டும் கிழட்டு மீனில் நூற்றுக்கணக்கிலும் இருப்பது இதனால்தான்.

இந்தச் சேமிப்பு ஆய்வாளர்களுக்கு ஒரு விதத்தில் உதவியும் செய்கிறது. எந்தக் கடற்பரப்பில் எந்தப் புழு கிடைக்கும் என்பது தெரிந்தால், ஒரு மீன் உடம்பிலுள்ள புழுக்களை வைத்தே அது எங்கே மேய்ந்து வளர்ந்தது என்று கணிக்க முடியும். வாலில் அடையாள வில்லை கட்டி அனுப்பும் வேலையை ஒட்டுண்ணி கூலியில்லாமல் செய்து தருகிறது. வட அட்லாண்டிக்கில் ஹெர்ரிங் மீன் கூட்டங்களைப் பிரித்தறிய இம்முறை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது.

மனித இரைப்பையும் 37 பாகை செல்சியஸ் சூடு உள்ளதுதான். பச்சை மீனோடு உள்ளே போகும் அனிசாகிஸ், வந்துசேர்ந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. தலையால் இரைப்பைச் சுவரைத் துளைக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி, குமட்டல், வாந்தி. புழு குடலுக்கு இறங்கித் துளைத்தால் வலி ஓரிரு நாள் கழித்து வரும்; குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை மேசைவரை போனவர்கள் உண்டு. மனித உடலில் புழுவால் நெடுநாள் பிழைத்திருக்க முடியாது, முட்டையிடவும் முடியாது. இரைப்பையில் இருந்தால் எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலுள்ள இடுக்கியால் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். புழு வெளியே வந்ததுமே பெரும்பாலும் வலி அடங்கிவிடுகிறது. ஜப்பானிய மருத்துவமனைகளில் இது வழக்கமான வேலை.

இந்த நோயை மருத்துவம் முதலில் அடையாளம் கண்டது ஜப்பானில் என்று பலரும் நினைக்கக்கூடும். கண்டது நெதர்லாந்தில். 1955இல் ராட்டர்டாமில், இளம் ஹெர்ரிங் சாப்பிட்ட ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி வந்தது. அறுவையில் குடற்சுவரில் ஒரு புழு அகப்பட்டது. வான் தீல் என்னும் ஒட்டுண்ணியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1960இல் அதை விவரித்து எழுதினார்கள். டச்சுக்காரர்கள் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங்கைப் பல நூற்றாண்டுகளாகச் சமைக்காமலே தின்றுவந்தவர்கள். அப்படியிருக்க நோய் ஏன் அப்போது கிளம்பியது? விடை படகில் இருந்தது. முன்பெல்லாம் மீன் வலையில் ஏறியதும் கடலிலேயே குடலை எடுத்து உப்பில் போட்டுவிடுவார்கள். பிறகு, குடலோடு ஐஸில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து ஆயும் வழக்கம் வந்தது. மீன் செத்தபின் வயிற்றுக்குள் இருக்கும் புழுக்களில் ஒரு பகுதி தசைக்குள் நகர்ந்துவிடும். ஐஸில் கிடந்த நாட்கள் அதற்கு அவகாசம் கொடுத்தன. உப்பும் முன்னைவிடக் குறைந்திருந்தது. 1968இல் ஹெர்ரிங்கை உறையவைத்த பிறகே விற்க வேண்டும் என்று டச்சு அரசு சட்டம் போட்டது. நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. உணவுச் சட்டங்களில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு விரைவாகவும் பலன் தந்தவை அதிகமில்லை.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில், பச்சையாகப் பரிமாறப்படும் மீன் பொதுவாக –20 பாகையில் 24 மணி நேரமோ, –35 பாகையில் 15 மணி நேரமோ உறைந்திருக்க வேண்டும். அமெரிக்க விதி –20 பாகையில் 7 நாள் என்கிறது. இந்தக் கணக்கு தொழிற்சாலை உறைபெட்டிக்கானது. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு பல நேரம் –20ஐத் தொடுவதே இல்லை. மின்சாரம் போய்வந்தால் இன்னும் மோசம். சமைப்பதானால் துண்டின் நடுப்பகுதி 60 பாகையில் ஒரு நிமிடம் இருந்தாலே போதும். எலுமிச்சைச் சாறு, வினிகர், மிளகாய், மதுபானம் எதுவும் புழுவை அசைப்பதில்லை. அமிலம் நிறைந்த இரைப்பைக்குப் போகவேண்டிய உயிர் அது. வினிகர் அதற்குப் புதிதில்லை. ஸ்பெயினில் வினிகரில் ஊறவைத்த நெத்திலி பெரிய விருப்பத் தின்பண்டம். அந்நாட்டில் அனிசாகிஸ் நோய்க்கு முதற்காரணமும் அதுவே. 2006 முதல் அங்கே உணவகங்கள் அந்த நெத்திலியை உறையவைத்த பின்பே பரிமாற வேண்டும்.

செத்த புழுவும் முற்றிலும் சாது என்று சொல்லிவிட முடியாது. ஒரு முறை புழுத் தாக்குதலுக்கு ஆளான சிலருக்கு அதன் புரதங்கள் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், அரிதாக மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு. அப்புரதங்களில் சில கொதிக்கும் சூட்டையும் தாங்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, மீனுக்குள் இருந்த புழு.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த நோயின் பேச்சு அதிகம் எழாததற்குக் காரணம் கடலில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. வெப்பக்கடல் மீன்களிலும் அனிசாகிஸ் இனங்கள் உண்டு. கானாங்கெளுத்தி, வாளை, பாறை, சூரை எல்லாவற்றிலும் அவை காணப்பட்டிருக்கின்றன. ஆனால் குழம்பு கொதிக்கும்போது மீன் துண்டு நூறு பாகையை நெருங்கிவிடுகிறது. புளியும் மஞ்சளும் உப்பும் வாடையைப் போக்கும், புழுவைக் கொல்வது நெருப்புதான். அடுப்படியில் கவனம் தேவைப்படும் ஒரே இடம், வெளியே மொறுமொறுப்பாகி நடுவில் வேகாமல் நிற்கும் தடித்த வஞ்சிரத் துண்டு. நகரங்களில் சூஷி கடைகள் பெருகிவரும் இந்நாளில், அங்கே பரிமாறும் மீன் எங்கே, எத்தனை நாள், எந்தக் குளிரில் உறைந்திருந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கடலில் அனிசாகிஸ் கூடிவருகிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. உலகெங்கும் வெளியான பழைய ஆய்வுகளின் எண்ணிக்கைகளைத் திரட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, மீனில் அனிசாகிஸ் 1970களிலிருந்து சராசரியாக 283 மடங்கு பெருகியிருப்பதாக 2020இல் கணக்கிட்டது. நூறு மீனுக்கு ஒரு புழுகூட இல்லாத நிலையிலிருந்து மீனுக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்திருக்கிறது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982இல் முடிவாகி, பின்னர் திமிங்கிலங்கள் பல இடங்களில் மீண்டுவருவது முதலில் நினைவுக்கு வரும் விளக்கம். பேருந்து சேரும் இடம் பெருகினால் பயணிகளும் பெருகத்தானே வேண்டும்? அப்படியானால் தட்டிலுள்ள புழு, கடல் நலமாகத் திரும்புவதன் ஓர் அறிகுறியாகக்கூட இருக்கலாம். தின்பவருக்கு இதில் ஆறுதல் குறைவுதான்.

அனிசாகிஸின் உறவுக்காரப் புழு ஒன்று சீல்களின் வயிற்றில் முதிர்வது. சூடோடெரனோவா என்று பெயர். வட அட்லாண்டிக் காட் மீனின் தசையில் இது கிடக்கும். 3, 4 சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். வெள்ளைவெளேரென்ற காட் சதையில் இந்தப் பழுப்புக் கோடு தெரிந்தால் வாங்குபவர் மறுமுறை வரமாட்டார். ஆகவே காட் பதப்படுத்தும் ஆலைகளில் ஒளிமேசைகள் உண்டு. மேசையின் மேற்பரப்பு வெள்ளைப் பிளாஸ்டிக், அடியில் விளக்கு. தோலுரித்த துண்டை அதன்மேல் பரப்பினால் சதை பால்கண்ணாடிபோல் ஒளிவிடும். புழு நிழலாய்த் தெரியும். அங்கே நிற்கும் தொழிலாளர் கத்திமுனையால் அதைக் கிள்ளி எடுத்துத் துண்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை இழுப்பார். நாள் முழுக்க அதே வேலை. சதையின் ஆழத்தில் கிடக்கும் புழு இந்தக் கண்ணுக்கும் தப்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பார்க்க அருவருப்பாக இருந்தும் தின்பவருக்கு ஒன்றும் செய்யாதவை இன்னொரு வகை. சுறாவின் குடலில் முதிரும் சில நாடாப்புழுக்களின் இளம்பருவம், வஞ்சிரம், வாளை போன்ற மீன்களில் அரிசிமணி அளவுப் பைகளாகவோ வெள்ளைச் சேமியாபோலவோ தென்படும். அவை சுறாவுக்கான சரக்கு. மனிதக் குடலில் பிழைக்காது. இதற்கு விலக்கும் உண்டு. பெரு நாட்டில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சே தின்பவர்களுக்கு, கடற்சிங்கத்தின் நாடாப்புழு ஒன்று தொற்றுவது உண்டு. ஜப்பானில் பசிபிக் சால்மனைப் பச்சையாகத் தின்பவரின் குடலில் வேறொரு நாடாப்புழு பல மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. வலி பெரிதாக இராது. கழிவறையில் நாடா தொங்குவதைப் பார்த்த பின்பே பலரும் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். ஒருவேளை மாத்திரையில் அது போய்விடும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இன்னொரு கூட்டம், மரப்பேன்போல் கால்கள் நிறைந்த ஐசோபாடுகள். கானாங்கெளுத்தியின் செவுள்மூடியைத் தூக்கினால் வெளிறிய நிறத்தில், விரல்நகத்தைவிடப் பெரிதாக ஒன்று செவுளோடு ஒட்டிக் குந்தியிருக்கும்; பக்கத்திலேயே சிறியதாக இன்னொன்று. பெரியது பெண், சிறியது ஆண். இவை எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. மீனில் பெண் இல்லையென்றால், முதலில் வந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். தமிழகக் கடற்கரையின் ஐசோபாடுகளைப் பற்றிப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்திலிருந்து பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. இக்குடும்பத்தில் பெயர்பெற்றது மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவிலுள்ள ஓர் இனம். அதன் பெண் சங்கரா இனத்தைச் சேர்ந்த ஒரு மீனின் நாக்கைப் பற்றி ரத்தத்தை உறிஞ்ச, நாக்கு வற்றிச் சுருங்கிவிடும். பின்னர் அந்த ஐசோபாடே நாக்கின் இடத்தில் அமர்ந்து நாக்கின் வேலையைச் செய்யும். ஓர் உறுப்பை அழித்துவிட்டு அதன் பணியைத் தானே ஏற்கும் ஒட்டுண்ணி வேறு அறியப்படவில்லை என்று 1983இல் இதை விவரித்தவர்கள் எழுதினார்கள். மீன் ஆய்கையில் செவுளோடு சேர்த்து வெட்டி எறிவதால் சமையலறைக்கு இவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை.

இனி கூண்டுக்கு வரலாம். நார்வேயில் கடற்கூண்டில் வளரும் அட்லாண்டிக் சால்மன், கடலில் இருந்தபோதும் கடலைத் தின்பதில்லை. அதற்குக் கிடைப்பது ஆலையில் வேகவைத்து உருட்டிய குச்சித்தீனி. கிரிலோ சிறுமீனோ வாயில் படாதவரை அனிசாகிஸுக்கு வழியே இல்லை. நீண்ட பயணம் செய்யும் ஒட்டுண்ணியின் தொடரில் ஒரே ஒரு கண்ணியை அறுத்தாலும் தொடர் முழுக்க விழுந்துவிடும். அப்படிப் பார்த்தால் தீனி மூட்டை ஒரு மருந்து. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் இதை ஏற்று, வளர்ப்பு சால்மனில் இப்புழு அபாயம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்றது. உறையவைக்கும் விதியிலிருந்து அதற்கு விலக்கும் கிடைத்தது. பின்னால் நார்வேயில், வளர்ச்சி குன்றித் தீனிக்குப் போட்டியிட முடியாமல் ஒதுங்கிய சால்மன்களில் மட்டும் புழு இருப்பது தெரிந்தது. தீனி கிடைக்காமல் கூண்டுக்குள் வந்த சிற்றுயிர்களைத் தின்றிருக்க வேண்டும். அந்தக் குன்றிய மீன்கள் தரம்பிரிக்கும்போதே கழிந்துவிடுபவை.

ஆனால் கூண்டு ஒரு பயணத்தை நிறுத்தியபோது, பயணமே தேவைப்படாத ஒட்டுண்ணிகளுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்துவிட்டது. திமிங்கிலமும் கிரிலும் வேண்டாத, மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தாவும் வகைகள் அவை. நார்வே விதிப்படி ஒரு கூண்டில் 2,00,000 மீன்வரை விடலாம். கடலில் தானாக வளரும் காட்டு சால்மன் வாழ்நாளில் சந்திக்காத நெரிசல் இது.

சால்மன் பேன் இந்த நெரிசலின் பெரும் பயனாளி. பேன் என்று பெயரே தவிர அது பூச்சி இல்லை, கோப்பிபாட் வகை ஓட்டுயிரி. வளர்ந்த பெண், குதிரை லாடத்தின் வடிவில் பழுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நீளம். பின்னால் வெளிறிய நாடாக்களாக இரண்டு முட்டைச் சரங்கள் இழுபடும். சளியையும் தோலையும் ரத்தத்தையும் தின்னும். தலையின் மேற்புறம் மொய்த்தால் தோல் போய் மண்டையோடு தெரியும் அளவுக்குப் புண்ணாகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு எதையும் தின்னாமல், உடலிலுள்ள கருச்சத்திலேயே சில நாள் மிதந்து, ஃபியர்டு என்னும் குறுகிய கடற்கழிகளின் நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் போகும். அதற்குள் ஒரு சால்மனைத் தொட்டுவிட்டால் பிழைத்தது.

கூண்டுகள் இல்லாத காலத்தில் இந்தத் தொடுதல் எளிதாக நடக்காதபடி இயற்கை ஒரு காலக்கணக்கு வைத்திருந்தது. வளர்ந்த சால்மன்கள் ஆழ்கடலில் இருக்கும். ஆற்றிலிருந்து இறங்கும் சால்மன் குஞ்சுகள் கழியைக் கடக்கும் வசந்தத்தில் கரையோரம் பேன் சுமக்கும் மீன் அதிகம் இராது. பேனோடு ஆறு ஏறும் மீனிலிருந்து நன்னீர் பட்டதும் சில நாளில் பேன் உதிர்ந்துவிடும். முட்டைச் சரம் உதிராத பேனோடு பிடிபட்ட சால்மன், கடலிலிருந்து அப்போதுதான் வந்தது என்று தூண்டிற்காரர்கள் பெருமைப்படுவது அதனால். கூண்டுகள் வந்தபின் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் கழியில் சால்மன் இருக்கிறது, பேனும் இருக்கிறது. உள்ளங்கை நீளமே உள்ள காட்டுக் குஞ்சைச் சாகடிக்கப் பத்துப் பன்னிரண்டு பேன் போதும்.

எனவே நார்வேயில் பண்ணைக்காரர்கள் முறையாகப் பேன் எண்ணி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மீனுக்குச் சராசரி 0.5 வளர்ந்த பெண் பேன் என்பது உச்சவரம்பு. குஞ்சுகள் கடலிறங்கும் வசந்தத்தின் ஆறு வாரங்களுக்கு 0.2. கேட்கும்போது கடுமையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 2,00,000 மீன் உள்ள ஒரே கூண்டில் 0.5 என்றால் ஒரு லட்சம் பெண் பேன். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 300 முட்டை இட்டால் மூன்று கோடிக் குஞ்சுகள். மீனுக்குக் கணக்கு சரியாக இருக்கிறது, கழிக்கு இல்லை. 2017 முதல் கடற்கரையை 13 மண்டலமாகப் பிரித்து, பேனால் காட்டுக் குஞ்சுகள் எத்தனை விழுக்காடு சாகின்றன என்ற மதிப்பீட்டை வைத்துப் போக்குவரத்து விளக்குபோல் நிறம் கொடுக்கிறார்கள். பச்சை என்றால் உற்பத்தியை 6 விழுக்காடு கூட்டலாம். சிவப்பு என்றால் 6 விழுக்காடு குறைக்க வேண்டும்.

பேனைக் கொல்லும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாக மழுங்கின. தீனியில் கலந்து கொடுத்த எமாமெக்டின் 2000களின் தொடக்கத்தில் அற்புதமாக வேலை செய்தது. பத்தாண்டுக்குள் அதைத் தாங்கும் பேன்கள் பெருகின. ஹைட்ரஜன் பெராக்சைடும் அவ்வழியே போனது. இப்போது மீன்களைக் குழாயில் உறிஞ்சி, 28 முதல் 34 பாகைச் சுடுநீரில் அரை நிமிடம் ஓடவிட்டுப் பேனை உதிர்க்கும் படகுகள் இருக்கின்றன. பத்துப் பாகை நீரில் வாழும் மீனுக்கு அது வதை. மீன்கள் துடிப்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பேனைக் கொத்தித் தின்னும் ராஸ், லம்ப்ஃபிஷ் மீன்களைக் கோடிக்கணக்கில் கூண்டுகளில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கூண்டிலேயே செத்தன. கேமராவால் பேனைக் கண்டுபிடித்து நீந்தும் மீனின் மேலேயே லேசரால் சுடும் கருவியும் வந்திருக்கிறது. சிலியின் கதை வேறு. தெற்கு அரைக்கோளத்தில் சால்மன் இயற்கையாக இல்லை, வட அட்லாண்டிக்கின் பேனும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனாலும் உள்ளூர் மீன்களில் இருந்த வேறொரு பேன் புதிதாக வந்த சால்மனுக்குத் தாவி, அங்கும் அதே தலைவலியைக் கொடுத்தது.

டாஸ்மேனியாவில் 1980களில் சால்மன் வளர்ப்பு தொடங்கியபோது எதிரியாக வந்தது ஓர் அமீபா. கடல்நீரில் தன்பாட்டில் வாழக்கூடியது, மீன் கிடைத்தால் செவுளில் படர்கிறது. செவுளில் வெள்ளைச் சளித் திட்டுகள் கிளம்பி மீன் மூச்சடைக்கும். கூண்டோடு மீனை நன்னீர் நிரப்பிய தார்ப்பாய்த் தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் சரியாகும். சில வாரத்தில் மறுபடியும் வரும். கோடையில் அங்கே நன்னீர்க் குளிப்பு ஓயாத வேலை.

வெப்பக்கடல் கூண்டுகளின் கதை தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவின் குஞ்சு உற்பத்தியைச் சாதித்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது. கொடுவா, கடல்விரால், களவா மூன்றுக்கும் பொதுவான தொல்லைகளில் முதலில் சொல்ல வேண்டியது கிரிப்டோகேரியான் என்னும் ஒற்றைச்செல் உயிரி. தோலிலும் செவுளிலும் உப்புத்தூள் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் தோலின் மேலடுக்குக்கு அடியில் சுழன்றுகொண்டே தின்னும் ஓர் உயிர். சில நாளில் அது மீனைவிட்டுக் கீழே விழுந்து, அடித்தரையில் ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான நீச்சல் குஞ்சுகளாகும். அவை ஓட்டை உடைத்து வெளியேறுவது பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டில், மீன்கள் அடியோரம் ஓய்ந்து நிற்கும் வேளையில். ஒரு நாள் அளவுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை சாகும். தோலுக்கு அடியில் இருப்பதால் நன்னீரில் முக்கினாலும் போகாது. குஞ்சுப் பண்ணைத் தொட்டியில் இதை வெல்லும் எளிய தந்திரம், மூன்று நாளுக்கொரு முறை மீனை மட்டும் உலர்ந்த புதுத் தொட்டிக்கு மாற்றுவது. நான்கு மாற்றத்தில் ஒட்டுண்ணி பின்தங்கிவிடும். கூண்டில் அது முடியாது. ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்தில் கூண்டு போட்டால் உதிர்ந்தவை அடித்துப்போகப்படும். அலையில்லை, காவல் எளிது என்று ஆழமில்லாத அடைகடலில் போட்டால் உதிர்ந்தவை நேர்கீழே காத்திருக்கும்.

அடுத்தது நியோபெனிடேனியா என்னும் தட்டைப்புழு. அரிசியளவு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்பு. மீனின் மேல் நூறு ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மீன் வலையில் உராய்ந்து உராய்ந்து நீந்துவதும், கண் பால் படர்ந்ததுபோல் ஆவதும்தான் முதல் அடையாளம். அந்த மீனை ஒரு வாளி நன்னீரில் விட்டால் ஐந்து நிமிடத்துக்குள் புழுக்கள் வெளுத்துச் சோற்றுப்பருக்கைபோல் அடியில் உதிரும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் மீன் எவ்வளவு சுமந்திருந்தது என்பது விளங்கும். ஆனால் முட்டைகள் நன்னீருக்கு அசைவதில்லை. நீண்ட இழைகளோடு பிறக்கும் அவை கூண்டு வலையில் சிக்கிக்கொண்டு அங்கேயே பொரியும். ஆகவே மீனைக் குளிப்பாட்டுவதோடு வலையை மாற்றி வெயிலில் காயப்போட வேண்டும். இரண்டு வாரத்துக்குள், புதிதாகப் பொரித்தவை முட்டையிடும் வயதை எட்டும் முன், மறுபடி குளிப்பாட்ட வேண்டும். குடிக்கவே நன்னீர் அரிதான கரையில் இது சொல்வதுபோல் எளிதில்லை. கவனிக்காமல் விட்டால் கடல்விரால் குருடாகி, தீனியைக் காணாமல் மெலியும். உராய்ந்த புண்களின் வழியே பாக்டீரியா நுழையும். கொல்வது பல நேரம் பின்னால் வந்த பாக்டீரியாதான்.

பல ஓம்புயிர்கள் தேவைப்படும் ஒட்டுண்ணியும் சில சமயம் கூண்டில் நிலைத்துவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில், ஆழ்கடலில் பிடித்த இளம் நீலத்துடுப்புச் சூரையைக் கூண்டோடு இழுத்துவந்து கொழுக்கவைக்கிறார்கள். அவற்றின் ரத்தக்குழாயில் கார்டிகோலா என்னும் தட்டைப்புழு வளர்கிறது. முட்டைகள் செவுளின் நுண்குழாய்களை அடைக்கின்றன. அதன் மறுபாதி வாழ்க்கை சேற்றில் வாழும் ஒரு வளையப்புழுவுக்குள் கழிகிறது. கூண்டுக்கடியில் சேறு, சேற்றில் அந்த வளையப்புழு. இரண்டு ஓம்புயிர்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தது பண்ணைதான். ஆழமான கடலுக்குக் கூண்டைத் தள்ளிப் பார்த்தபோது மீன்களில் அப்புழு காணப்படவில்லை.

கூண்டிலும் திறந்த கடலிலும் ஒருங்கே இருப்பது கூடோவா. ஜெல்லிமீனின் தூரத்து உறவு. பரிணாமத்தில் உடம்பைச் சுருக்கிச் சுருக்கி, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் வித்தாகிவிட்டது. உயிருள்ள மீனின் தசையிழைக்குள் இருக்கும்வரை வெளியில் ஒன்றும் தெரியாது. மீன் செத்து ரத்த ஓட்டம் நின்றதும் அது சுரக்கும் நொதி சுற்றிலும் பரவ, ஐஸில் சில நாள் கிடந்த துண்டு விரலால் தொட்டால் கூழாகும். மீன்காரர் பழைய மீனைத் தள்ளிவிட்டார் என்று வாங்கியவர் சண்டைக்குப் போவார். குற்றம் இருவர் மேலும் இல்லை. இவ்வினத்தில் ஒன்று, வளர்ப்புத் தட்டைமீனான ஹிராமேவைப் பச்சையாகத் தின்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருவதை ஜப்பான் 2011இல் உறுதி செய்தது. ஒரு நாளில் தானே நின்றுவிடும். –20 பாகையில் 4 மணி நேரம் வைத்தால் அதுவும் சாகும்.

வளர்ப்பு மீனில் புழு இராது என்ற உறுதி தீனி மூட்டையோடு கட்டப்பட்டது. மூட்டை மாறினால் உறுதியும் மாறும். 2005இல், சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வளர்ப்பதற்காக இறக்குமதியான இளம் கம்பாச்சி மீன்களில் அனிசாகிஸ் இருப்பது தெரிந்து பெரும் பரபரப்பானது. கூண்டுமீன்தான், ஆனால் குஞ்சுப் பருவத்தில் அதற்குப் பச்சைச் சிறுமீன் போட்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்விரால் கூண்டுகளுக்குச் சூடையும் மத்தியும் நறுக்கிப் போடுவது வழக்கம். குச்சித்தீனியைவிட மலிவு, மீனும் ஆவலோடு பாய்ந்து தின்னும். கூண்டுக்கு வெளியே வலைகளில் சிக்கும் அதே சிறுமீன், அதே குடல், அதற்குள் அதே சுருள்கள். நறுக்குமுன் அவற்றை –20 பாகையில் ஒரு வாரம் உறையவைத்துவிட்டால் அனிசாகிஸ் அங்கேயே முடிந்துவிடும். வலையில் சிக்கிய முட்டைகளுக்கும் அடித்தரையில் காத்திருக்கும் ஓடுகளுக்கும் அந்தக் குளிர் எட்டுவதில்லை.